ஒட்டுப் பல்லும் விஜயதசமியும்

நம் கம்பெனி வாசலுக்கு யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் சிரிக்காதீர்கள். காக்களூர் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு போடுகிற ஷெட்டுக்கும் பிளாஸ்டிக் வாளி ஊற்றுகிற ஷெட்டுக்கும் நடுவில், போர்டில் அவ்வளவு பெரிய பல் படம் போட்டு ஒரு கட்டடம் நின்றால், கடைவாய் வலிக்கிறவர் வேறு எங்கே போவார்? ஒருவருக்கு நானே கிராம்பு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மறுவாரம் வந்து, வலி போய்விட்டது டாக்டர் என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனார். என் வேலையை ஒருவர் மறுபேச்சில்லாமல் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, என்னை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு முன்னால் அந்த இருட்டறையில் உட்கார்ந்து பல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். முட்டி தேய்ந்துபோனதால் வயசாவதற்கு முன்பே ரிட்டயர்மென்ட் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் முதலாளி போன் பண்ணி, பசங்க புதுசு, உனக்குத் தெரிஞ்சதை எழுதிக் கொடு என்றார். எனக்குத் தெரிந்ததை எழுதினால் அரைப் பக்கம் வரும். பயந்ததை எழுதினால் புத்தகமே வரும். அதனால் பயந்ததை எழுதுகிறேன்.

பல்லை லென்ஸில் எப்படிப் பார்ப்பது, பஞ்சில் அசிட்டோன் எவ்வளவு எடுப்பது, இதையெல்லாம் சுத்தம் பண்ணுகிற பகுதியில் இருக்கும் கஸ்தூரி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார். ஒரு விஷயம் மட்டும் மனசில் வையுங்கள். நாம் வாங்குவது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன சுறாவின் பல். மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப் போனது. முழுசாகக் கிடைப்பது அபூர்வம். வேர் உடைந்திருக்கும், முனை போயிருக்கும். தோண்டுகிற இடத்திலேயே ஒன்றின் முனையை இன்னொன்றின் வேரில் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். அதைத்தான் நாம் ஒட்டு என்கிறோம். பல்லே இல்லாமல் மாவைக் கரைத்து அச்சில் ஊற்றினால் அது டூப்பு. டூப்பைத் திருப்பி அனுப்புகிறோம். ஒட்டை வாங்குகிறோம், ஒட்டு என்று சொல்லியே விற்கிறோம். பள்ளிக்கூடக் கண்காட்சிப் பெட்டிக்கு ஒட்டுப் பல் தாராளமாகப் போதும். ஒட்டில் ஒரு பாவமும் இல்லை. மறைத்தால்தான் பாவம்.

நாக்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வேர்ப் பக்கம் நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் அசல் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். நானும் நம்பினேன். ஒருநாள் ஒரு பல்லை நக்கிப் பார்த்து, நாக்கிலேயே தொங்கவிட்டுக்கொண்டு, அசல் அசல் என்று கையைக் காட்டினேன். வாய் திறந்து சொல்ல முடியவில்லை, நாக்கில் பல் இருக்கிறதே. ஆனால் ருசி எங்கேயோ பழகினதாக இருந்தது. சின்ன வயசில் நான் சாக்பீஸ் தின்னுகிற பிள்ளை. வாத்தியார் டப்பாவையே பூட்டி வைப்பார். அந்த ருசி. வேர் மொத்தமும் பிளாஸ்டர். பிளாஸ்டரும் நாக்கில் ஒட்டும், பிள்ளைகளே. அன்றைக்குக் கம்பெனியைக் காப்பாற்றியது என் படிப்பு இல்லை, படிக்கப் போன இடத்தில் தின்ன சாக்பீஸ்.

சரி, இப்போது பெரிய பயத்துக்கு வருகிறேன்.

ரமணய்யாவை உங்களுக்குத் தெரியும், மாசத்துக்கு ஒரு தடவை பெட்டி கொண்டுவருகிறாரே, அவர்தான். ஆரம்பாக்கத்துக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புப் பட்டறையில் ஸ்டோர் பார்த்தவர். பட்டறையை மூடிவிட்டார்கள். அவர் மச்சான் மொராக்கோவில் பாஸ்பேட் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். அந்தச் சுரங்கத்தில் தோண்டத் தோண்ட சுறாப் பல்லாக வரும். ஊர்க்காரர்கள் பொறுக்கி விற்பார்கள். மச்சான் வாங்கி, கஸ்டம்ஸ் பேப்பர் எல்லாம் சுத்தமாகப் போட்டு அனுப்ப, ரமணய்யா நம்மிடம் கொண்டுவருவார். முதல் இரண்டு பெட்டியை நான்தான் பார்த்து, சுத்தமான சரக்கு என்று கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது பெட்டிதான் பெரிசு. அதில் இருந்த பல் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

நம் தொழிலில் ஒரு வார்த்தை இருக்கிறது, ஒட்டுக்காரன். ஒட்டுப் பல்லை அசல் என்று தள்ளிவிடுகிறவன். ஒரு ஆள் மேல் இந்த வார்த்தை விழுந்துவிட்டால் அதற்கப்புறம் அவன் பெட்டியை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். முன்பெல்லாம் ஊர் ஊராகப் பரவ நாளாகும். இப்போது பல் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு போட்டோ, ஒரு வரி. ஆள் முடிந்தான். ரமணய்யாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. பட்டறை போய், இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள். விஜயதசமி, நல்ல நாள், புதுச் சரக்கைப் பிரி என்றார் முதலாளி. லீவு நாள்தான், இருந்தாலும் முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் திறப்பது நம் கம்பெனி வழக்கம். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு நீல டார்ச்சைப் போட்டேன். அந்த வெளிச்சத்தில் அசல் பல் சும்மா மங்கலாகக் கிடக்கும். பசை இருக்கிற இடம் மட்டும் மின்னும். ஒட்டுக்கோடு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் டார்ச்சுக்குத் தெரிந்துவிடும்.

முதல் பல். வழவழப்பான பாகமும் வேரும் சேருகிற இடத்தில், அந்தப் பள்ளத்தில், சுற்றிலும் பளிச்சென்று ஒரு கோடு. ஒட்டுப் போடுகிறவன் பசை வைக்கிற அதே இடம். சரி, ஒன்று ஒட்டு. இரண்டாவதிலும் கோடு. மூன்றாவதிலும். பெட்டி முழுக்க எடுத்து எடுத்துப் பார்த்தேன், ஒன்று பாக்கி இல்லாமல் மின்னியது. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. சாயம் போட்டு மறைத்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு சோதனை, இரண்டும் ஒரே பதில். இனி என்ன வேண்டும்?

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் அந்த வெளிச்சத்தில் ஏற்கெனவே ஊதா, இப்போது இன்னும் ஊதா. வெளியே வந்தவுடன் ரமணய்யாவுக்குப் போன் போட்டு, மொத்தமும் ஒட்டு, வந்து பெட்டியை எடுத்துக்கினு போ என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“போட்டோ எடுத்தியா? குரூப்புல போட்டுடு. நாலு பேரு தப்பிக்கட்டும்.”

போட்டோ எடுத்திருந்தேன். ‘ஆரம்பாக்கம் பார்ட்டி. மொத்தமும் ஒட்டு. யாரும் வாங்காதீங்க’ என்று அடித்தும் விட்டேன். அனுப்புகிற பட்டனுக்கு மேலே கட்டைவிரல் நிற்கிறது. அனுப்பவில்லை.

இந்த இடத்தில் பெரியவர்கள் எழுதினால், அப்போது என் உள்ளுணர்வு தடுத்தது என்று எழுதுவார்கள். எனக்கு உள்ளுணர்வு கிடையாது, பிள்ளைகளே, உள்பயம்தான் உண்டு. இந்த ஆள் ஒட்டுக்காரன் என்றால் முன்னால் வந்த இரண்டு பெட்டி? அதில் கையெழுத்து யாருடையது? குரூப்பில் போட்ட அடுத்த நிமிஷம் முதலாளி அதைக் கேட்பார். அதனால் வயிறு சரியில்லை சார், ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு (அது பொய்யும் இல்லை) அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்த பழைய பற்களை அள்ளிக்கொண்டு மறுபடி இருட்டறைக்குள் ஓடினேன்.

ரமணய்யாவின் இரண்டாம் பெட்டிப் பல்: மின்னியது. முதல் பெட்டிப் பல்: மின்னியது. சரி, வேறு ஆளிடம் வாங்கினது, வெளியூரில் பெரிய பெரிய ஆட்கள் அசல் என்று சொன்னது, நம் கம்பெனிக்கே பெருமையான பல். அதுவும் மின்னியது. இத்தனை வருஷமாக நான் வாங்கினது மொத்தமும் ஒட்டு. கம்பெனியே ஒட்டு. எங்கே ஓடலாம் என்று யோசித்தேன். திருவாலங்காட்டில் மாமனார் வீடு இருக்கிறது, கொஞ்ச நாள் போய் இருக்கலாம். ஆனால் அவர் என்னைவிடப் பெரிய இன்ஸ்பெக்டர். கல்யாணத்தன்றே என்னிடம் என்ன குறை என்று கண்டுபிடித்துவிட்டவர். அங்கேயும் போக முடியாது.

டார்ச்சை மேஜையில் வைத்தேன், அது உருண்டது. வெளிச்சம் தராசின் மேல் விழுந்தது. தராசின் நெற்றியில் மூன்று கோடு, பளிச்சென்று.

அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது, தராசும் ஒட்டா என்பதுதான். சத்தியமாக. தராசுக்கு எவன் ஒட்டுப் போடுவான் என்று கேட்டுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரம் பார்த்துக் கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு கஸ்தூரி டீயோடு உள்ளே வந்தார். டார்ச்சைத் திருப்பினேன். இரண்டு கன்னமும் பச்சையாக மின்னின. கழுத்தில் தாலிக்கயிறு பச்சைப் பாம்புபோல மின்னியது. நான் போட்ட சத்தத்தில் லீவிலும் ஓடிய பக்கத்து வாளி ஷெட்டில் மெஷினை நிறுத்திவிட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள்.

“இன்னா சார், பேயைப் பாத்தாப்ல கத்துறீங்க? டீ கொட்டிச்சி பாருங்க.”

“கஸ்தூரி, மூஞ்சில இன்னா?”

“மஞ்சா. நல்ல நாளும் அதுவுமா மஞ்சா பூசாம வருவாங்களா?”

தராசைக் காட்டினேன். சந்தனம் தீர்ந்துபோச்சு சார், அதான் மஞ்சளைக் கொழைச்சிப் போட்டேன் என்றார். பல்லைக் காட்டினேன். டம்ளரை மேஜையில் வைத்தார்.

“நீங்கதான சார் நேத்து சொன்னீங்க, கம்பெனில ஒண்ணு உடாம எல்லாத்துக்கும் பொட்டு வெய்யின்னு?”

நான்தான் சொன்னேன். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற அவசரத்தில் சொன்னேன். அவர் டிரில்லுக்கு வைத்தார், லென்ஸுக்கு வைத்தார், தராசுக்கு வைத்தார், முதலாளி காருக்கு வைத்தார், அலமாரிப் பல்லுக்கும் வைத்தார். பூஜையன்று காலையில்தான் வந்து இறங்கிய ரமணய்யா பெட்டி சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. அவ்ளோ பெரிய பல்லு, சாமியாட்டம் கீது, அதுக்கு ஒரு பொட்டு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும் என்று பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் வைத்திருக்கிறார். அப்புறம்தான், நான் பார்க்காத பெட்டியை யாரும் தொடக்கூடாது என்ற சட்டம் ஞாபகம் வந்து, நான் கத்துவேன் என்று பயந்து, அலமாரிப் பல்லையும் சேர்த்து ஈரத்துணியால் துடைத்து அப்படியே அடுக்கி வைத்துவிட்டார். துடைத்ததில் பொட்டு போய்விட்டது. மஞ்சள் தண்ணீர் இறங்கிப்போய் அந்தப் பள்ளத்தில் தங்கிவிட்டது. கல் வேர் அல்லவா, நன்றாகக் குடிக்கும். கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சுக்கு மஞ்சள் என்றால் உயிர், அதுவும் பச்சையாக மின்னும். அசிட்டோனிலும் நன்றாகக் கரையும். என் இரண்டு சோதனையும் பொய் சொல்லவில்லை. மஞ்சள் இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது என்று கத்தின. நான்தான் பசை என்று கேட்டுக்கொண்டேன்.

பசை பாலை ஊற்றினதுபோல வெள்ளையும் நீலமுமாக மின்னும். மஞ்சள், பச்சை கலந்து மின்னும். அந்த வித்தியாசம் எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே தெரியும். பயந்துபோன கண்ணுக்கு நிறம் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் பல்லை சந்தேகப்படுவதற்கு முன்னால், அது நம் வாசலுக்குள் வந்த பிறகு யார் யார் கைக்குப் போனது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அரை நிமிஷ வேலை.

முதல் காரியமாகப் போனை எடுத்து, அடித்து வைத்திருந்ததை அழிக்கப் போனேன். அழிக்கும்போது கை தவறி அனுப்பிவிடுவேனோ என்று கஸ்தூரியையே அழிக்கச் சொன்னேன். அப்புறம் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் உள்ளே வந்து டார்ச்சை வாங்கித் தராசைப் பார்த்தார், கஸ்தூரியைப் பார்த்தார், தன் கார் சாவியைப் பார்த்தார். சாவியும் மின்னியது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“யோவ், அந்தாளைக் கண்டபடி பேசிட்டேனேய்யா.”

போன் போட்டோம். எடுக்கவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஆரம்பாக்கத்திலிருந்து காக்களூர் வரைக்கும் அந்த ஆள் என்னென்ன நினைத்துக்கொண்டு ஓட்டியிருப்பார் என்று யோசித்தபடி நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். பொரி இருந்தது, யாரும் தின்னவில்லை.

வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. முதலாளி பக்கம் போகாமல் நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணா, மச்சான் அப்டிப்பட்ட ஆளு இல்ல. ஆனா நீங்க பாத்து ஒட்டுன்னா ஒட்டுதான். நான் எட்த்துக்கினு போயிட்றேன். வெளிய மட்டும் சொல்லாதீங்கண்ணா.”

நான் பார்த்துச் சொன்னால் அவருக்குத் தன் மச்சான் பொய். அவ்வளவு நம்பிக்கை வைத்திருக்கிற ஆளிடம், அது ஒட்டு இல்லை ரமணய்யா, ஆயுத பூஜை என்று சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. கஸ்தூரிதான் சொன்னார். ரமணய்யாவுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் சிரிக்கவில்லை, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சிரித்தார். எங்க ஊட்ல தராசுக்கு மட்டும்தாண்ணா வெப்போம் என்றார்.

அதற்கப்புறம் எங்கள் உபசாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டீ, பொரி, கடலை, சுண்டல். முதலாளி தன் நாற்காலியையே போட்டார். பெட்டியை இன்னொரு தடவை பார்க்கவே வேண்டாம், அப்படியே பாஸ் பண்ணிடு என்று எனக்கு உத்தரவு வேறு. நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். கூச்சத்தில் அன்றைக்கு அவர் செங்கல்லைக் கொடுத்திருந்தாலும் நாங்கள் வாங்கியிருப்போம்.

ரமணய்யாதான், அந்த டார்ச்சை ஒரு தடவை பாக்கலாமாண்ணா என்று கேட்டார். விற்கிறவர்களை இருட்டறைக்குள் விடுவதில்லை, உங்களுக்கே தெரியும். அன்றைக்கு யார் சட்டம் பேச முடியும்? அழைத்துப் போனேன். அசிட்டோனில் நாலைந்து தடவை துடைத்துக் காட்டினேன், மஞ்சள் போய்ப் பல் மங்கலாகக் கிடந்தது. ஒரு துண்டுக் கல்லில் பசை தடவி, இப்படிப் பால்போல மின்னினால்தான் ஒட்டு என்று காட்டினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. டார்ச்சைத் தன் கையில் வாங்கி, பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, இது மஞ்சா, இது மஞ்சா என்று சொல்லிக்கொண்டே வந்தார். தன் சரக்கையே அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

ஒரு பல்லில் நின்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஞ்சை எடுத்து அவரே துடைத்தார். மறுபடி டார்ச். பிறகு என் முன்னால் நீட்டினார்.

“அண்ணா, இது உங்க மஞ்சா இல்ல.”

வேரின் ஒரு மூலை, சுண்டுவிரல் நகம் அளவு. பால்போல, வெள்ளையும் நீலமுமாக. மச்சானுக்குத் தெரியாமல் எவனோ தோண்டின இடத்திலேயே ஒட்டியிருக்கிறான். நல்ல வேலைப்பாடு. நான் அதைப் பார்த்தேன், வெளியே டம்ளர் சத்தத்தைக் கேட்டேன், உடு ரமணய்யா, இன்னிக்கு வேணாம் என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். இவ்வளவு வதைத்தபிறகு இதையுமா எழுதுவது என்று.

அவர் பல்லைக் கீழே வைக்கவில்லை.

“இன்னிக்கு நீங்க கேக்கமாட்டீங்கண்ணா. அதான் நானே சொல்லிக்கினு கீறேன். ஒட்டுன்னு எழுதுங்க.”

எழுதினேன். எழுதுகிற வரைக்கும் பக்கத்தில் நின்று டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், மையில் எழுதுவது நீல வெளிச்சத்தில் தெரியாது என்பது இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை. பிறகு வெளியே வந்து வெளிச்சத்தில் இன்னொரு தடவை எழுதினேன். ஒட்டுக்காரன் என்ற வார்த்தையை அதற்கப்புறம் நான் வாயில் எடுத்தது கிடையாது. அது யாருக்குப் பொருந்தும் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அந்தப் பல்லை முதலாளி விற்கவில்லை. நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு உள்ளங்கையில் ஒன்றை வைத்து, டார்ச் இல்லாமல் சொல்லுங்கள் பார்க்கலாம், இது ஒட்டா அசலா என்று கஸ்தூரி கேட்டிருப்பாரே, அது அதுதான். உங்களில் மூன்று பேர் அசல் என்று சொல்லித் தோற்றுப்போனீர்களாம். கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன். நாலாவதாக ஒருவர், பார்த்த மாத்திரத்தில் ஒட்டு என்று அடித்துச் சொன்னாராம். அந்தப் பிள்ளையை மட்டும் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். போனை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.